நச்சுக் கிடங்கு யார் வாசலில்? அமெரிக்காவில் இனநீதியும் சுற்றுச்சூழலும்

கயல்விழி (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, 1994இல் கிளிண்டன் பிறப்பித்த 12898ஆம் எண் நிர்வாக ஆணையை நீக்கிவிட்டது. ஒவ்வொரு கூட்டாட்சித் துறையும் தன் முடிவுகளால் சிறுபான்மையினரும் ஏழைகளும் அளவுக்கு மீறிய பாதிப்பைச் சுமக்கிறார்களா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்ன ஆணை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. வேறோர் இழையில் நண்பர் ஒருவர், "நல்லதாயிற்று, சுற்றுச்சூழல் என்பது அறிவியல், அதற்குள் இன அரசியலைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

இனம் எப்போது உள்ளே வந்தது என்று பார்ப்போம். 1978 கோடையில் வட கரோலைனாவின் 14 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற உட்பிரிவுகள்), ஏறத்தாழ 240 மைல் நீளச் சாலையோரங்களில், பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மின்மாற்றி எண்ணெயை இருட்டில் திருட்டுத்தனமாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். குற்றவாளிகள் பிடிபட்டார்கள். ஆனால் நஞ்சேறிய மண்ணை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது? மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுண்டியின் ஆஃப்டன். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும், மாநிலத்திலேயே மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. அங்கே நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே இருந்தது, மக்கள் குடிப்பதோ கிணற்று நீர். கிடங்கின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தைப் பற்றிய விதியைக் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தளர்த்தியே அனுமதி கொடுத்தது.

1982 செப்டம்பரில் லாரிகள் வரத் தொடங்கியதும் மக்கள் சாலையில் படுத்தார்கள். சில வாரங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். வாஷிங்டனின் நாடாளுமன்றப் பிரதிநிதி வால்டர் ஃபான்ட்ராயும் அவர்களில் ஒருவர். கிடங்கு வந்தே விட்டது. ஆனால் ஃபான்ட்ராய் திரும்பிப் போய்க் கூட்டாட்சித் தணிக்கை அலுவலகத்திடம் ஒரு கேள்வி கேட்டார்: தென்மாநிலங்களில் இப்படிப்பட்ட கிடங்குகள் எங்கே இருக்கின்றன? 1983இல் பதில் வந்தது. எட்டு மாநிலங்களில், வெளியிடங்களிலிருந்து வரும் கழிவுகளை ஏற்கும் நச்சுக் கிடங்குகள் நான்கு. அவற்றில் மூன்று, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடங்களில்.

ஆகவே இனத்தைச் சுற்றுச்சூழலுக்குள் இழுத்து வந்தது போராட்டக்காரர்கள் என்று யாரும் சொல்லாதீர்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் இழுத்து வந்தார்கள். இதைப் பற்றி விரிவாகப் பேச விரும்புகிறேன். மறுப்பவர்களும் வாருங்கள்.

இளமாறன்

அந்தக் கருத்தை எழுதியவன் நான்தான். நீங்கள் சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை, கயல்விழி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

நிறுவனம் நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடுகிறது. எதிர்ப்பு குறைவாக இருக்கும் இடத்தைத் தேடுகிறது. 1984இல் கலிபோர்னியாவின் கழிவு மேலாண்மை வாரியத்துக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை பிற்பாடு வெளியில் வந்து பெரும் பேச்சானது. குப்பை எரியுலைகளைக் குறைவாக எதிர்ப்பவர்கள் யார் என்று அது பட்டியலிட்டது: வருமானம் குறைந்தவர்கள், உயர்நிலைப் பள்ளிக்கு மேல் படிக்காதவர்கள், வயதானவர்கள். கொடுமையான அறிக்கைதான். ஆனால் அதில் தோலின் நிறம் இல்லை, வர்க்கம்தான் இருக்கிறது.

இன்னொன்று. சில இடங்களில் ஆலை முதலில் வந்தது, வாடகை குறைந்தது, பிறகு ஏழைகள் குடியேறினார்கள். 1990களில் சட்டப் பேராசிரியர் விக்கி பீன் இந்தக் கேள்வியை எழுப்பினார். அதை யாரும் கேட்கவே கூடாது என்பதுபோல் பேசுகிறார்கள். வறுமையை மையமாக வைத்தால் அப்பலேச்சிய மலைகளில் நிலக்கரித் தூசியை உண்ணும் வெள்ளை ஏழையும் நம் பக்கம் நிற்பார். இனத்தை மையமாக வைத்தால் அவர் விலகிப் போவார். இயக்கத்துக்கு எது நல்லது?

மதியழகன்

இளமாறன் அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரத்தில் ஈயம் கலந்த நீரைக் குடித்தவர்களில் வெள்ளையர்களும் ஏராளம். குழாய் ஆளைப் பார்த்தா நீரை விட்டது?

நூலகத்தான்

இளமாறன் ஐயாவின் இரண்டு வாதங்களையும் ஆய்வாளர்கள் உட்கார்ந்து சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இந்த விவாதம் நகராது.

முதலில் வர்க்கமா, இனமா. 1987இல் ஐக்கிய கிறிஸ்து சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுவதற்குமான முதல் ஆய்வை வெளியிட்டது. வணிக நச்சுக் கழிவு நிலையங்கள் எங்கே அமைந்திருக்கின்றன என்பதை வருமானம், வீட்டு மதிப்பு, இனம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் வலுவான தொடர்பு இனத்துக்குத்தான் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து 2007இல் மறுபடி பார்த்தார்கள். 413 நிலையங்கள். அவற்றைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களில் வெள்ளையர் அல்லாதவர்கள் 56 சதவீதம். நிலையங்கள் இல்லாத பகுதிகளிலோ 30 சதவீதம்.

வறுமைதான் காரணம் என்றால் பணம் வந்ததும் விலகிப் போயிருக்க வேண்டும். 2008இல் வந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 50,000 முதல் 60,000 டாலர் ஈட்டும் கறுப்பினக் குடும்பங்கள் வாழும் பகுதிகள், 10,000 டாலருக்கும் குறைவாக ஈட்டும் வெள்ளைக் குடும்பங்களின் பகுதிகளைவிடச் சராசரியில் அதிகம் மாசுபட்டவை என்று கண்டது. இந்த ஒரு வரியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். ஐந்து மடங்கு வருமானம் இருந்தும் அதைவிட மோசமான காற்று.

அடுத்தது, ஆலை முதலா, மக்கள் முதலா. பால் மொஹாய், ராபின் சாஹா இருவரும் முப்பது ஆண்டுக் காலத்தில் நிறுவப்பட்ட நிலையங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நிறுவப்பட்ட நேரத்தில் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று பார்த்து 2015இல் எழுதினார்கள். வெள்ளையர் அல்லாதோர் ஏற்கெனவே வாழ்ந்த, அல்லது வெள்ளையர்கள் வெளியேறிக் கொண்டிருந்த பகுதிகளையே நிலையங்கள் தேடி வந்திருந்தன. ஐயா சொன்ன குடியேற்றமும் சில இடங்களில் நடந்தது. ஆனால் முதன்மைக் காரணம் அதுவன்று.

"நிலம் மலிவு" என்பதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். மலிவு எங்கிருந்து வந்தது? 1930களில் கூட்டாட்சி வீட்டுக் கடன் அமைப்பு நகர வரைபடங்களில் கறுப்பினத்தவரும் புலம்பெயர்ந்தவர்களும் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. கடன் வரவில்லை, முதலீடு வரவில்லை, மரம் நடுவதற்குக்கூட யாரும் வரவில்லை. நெடுஞ்சாலைகள் மட்டும் அந்தப் பகுதிகளைப் பிளந்துகொண்டு வந்தன. 2020இல் 108 நகரங்களின் கோடைத் தரைவெப்பத்தை அளந்தவர்கள், அவற்றில் 94 சதவீத நகரங்களில் பழைய சிவப்புப் பகுதிகள் மற்ற பகுதிகளைவிடச் சூடாக இருப்பதைக் கண்டார்கள். சராசரி வேறுபாடு 2.6 டிகிரி செல்சியஸ். வரைபடம் போட்டவர்கள் இறந்து போய்விட்டார்கள். அவர்கள் போட்ட கோடு இன்னும் ஒவ்வொரு கோடையிலும் முதியவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

கயல்விழி

நூலகத்தான், நன்றி. ஹூஸ்டனின் நார்த்வுட் மேனரையும் இங்கே சேர்க்க வேண்டும். அது சேரி அன்று. சொந்த வீடு வாங்கிக் குடியேறிய, நடுத்தர வருமானமுள்ள கறுப்பினக் குடும்பங்களின் குடியிருப்பு. 1970களின் இறுதியில் அங்கே குப்பைக் கிடங்கு வருகிறது என்றதும் வழக்குரைஞர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட் வழக்குத் தொடுத்தார். தரவு திரட்டித் தரும்படி சமூகவியல் பேராசிரியரான தன் கணவர் ராபர்ட் புல்லார்டைக் கேட்டார். அவர் மாணவர்களோடு நகரத்தைச் சுற்றி வந்து கண்டது: நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக் கிடங்குகளும் கறுப்பினப் பகுதிகளில், எட்டு எரியுலைகளில் ஆறும் அப்படியே. அன்று நகர மக்களில் கறுப்பினத்தவர் நான்கில் ஒரு பங்கினர்தான்.

வழக்கு தோற்றது. எப்படித் தோற்றது என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது.

வழக்குரை

நான் சொல்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத இடம் இது. என் பார்வையில் முழுப் பிரச்சினையும் இங்கேதான் முடிச்சிட்டுக் கிடக்கிறது.

நார்த்வுட் மேனர் வழக்கில் நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்டு. அவரே ஒரு கறுப்பினப் பெண். உயர்நிலைப் பள்ளிக்கு இவ்வளவு அருகில், அதுவும் குளிர்சாதன வசதி இல்லாத பள்ளிக்கு அருகில், திடக்கழிவுக் கிடங்கு வைப்பது அறிவுக்குப் பொருந்தவில்லை என்றும், முடிவெடுப்பவராகத் தான் இருந்திருந்தால் அனுமதியை மறுத்திருக்கக்கூடும் என்றும் 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எழுதினார். எழுதிவிட்டு இடைக்காலத் தடையை மறுத்தார். காரணம், "வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள்" என்பதற்குச் சான்று போதவில்லை.

நோக்கம். இந்த ஒன்றில்தான் எல்லா வழக்குகளும் முட்டி நின்றன. அரசமைப்பின் சமத்துவப் பிரிவின் கீழ் வழக்காட வேண்டுமானால், விளைவைக் காட்டினால் போதாது, எண்ணத்தைக் காட்ட வேண்டும். எந்த அதிகாரி கோப்பில் "கறுப்பினத்தவர் வாழ்வதால் இங்கே" என்று எழுதி வைப்பார்? இளமாறன் காட்டிய 1984ஆம் ஆண்டு அறிக்கையை நினைத்துப் பாருங்கள். அதில் நிறம் இல்லை என்றீர்கள். நிறத்தை எழுதாமலே அதே இடத்தைச் சென்றடைய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மாற்றுவழி ஒன்று இருந்தது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி, கூட்டாட்சிப் பணம் பெறும் எந்த அமைப்பும் இனப்பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் அன்று நோக்கத்தைக் கேட்கவில்லை, பாகுபாடான விளைவே போதுமானதாக இருந்தது. நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், ஏற்கெனவே கழிவுநீர் நிலையமும் குப்பை எரியுலையும் சூழ்ந்த ஒரு பகுதியில் சிமென்ட் அரவை ஆலைக்கு மாநிலம் அனுமதி கொடுத்தது. காற்றில் நுண்துகள் அளவு விதிக்குள்தான் இருக்கும் என்று மாநிலம் வாதிட்டது. விதிக்குள் இருப்பது மட்டும் போதாது, அந்த மக்கள் மீது ஏற்கெனவே ஏறியிருக்கும் சுமையையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2001 ஏப்ரல் 19 அன்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். மக்கள் வென்றார்கள்.

ஐந்தே நாளில், ஏப்ரல் 24 அன்று, உச்ச நீதிமன்றம் அலெக்சாண்டர் எதிர் சாண்டோவல் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. அலபாமாவில் ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது பற்றிய வழக்கு அது. சுற்றுச்சூழலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், விளைவு பற்றிய அந்த விதிகளின் கீழ் தனிமனிதர்கள் வழக்குத் தொடுக்க முடியாது என்று முடிவானது. கேம்டன் தீர்ப்பும் அந்த ஆண்டு முடிவதற்குள் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது.

மிஞ்சியது ஒரே வழி: சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருப்பது. எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். மதியழகன் பிளின்ட்டைக் குறிப்பிட்டார் அல்லவா, அங்கிருந்தே எடுத்துக்காட்டு தருகிறேன். மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஜெனசி மின்நிலையத்துக்கு எதிராக 1992இல் பிளின்ட் மக்கள் மனு கொடுத்தார்கள். அனுமதி விசாரணையில் கறுப்பின மக்கள் பாகுபாட்டுடன் நடத்தப்பட்டார்கள் என்று முகமை ஒப்புக்கொண்டது 2017 ஜனவரியில். மனு கொடுத்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இடைப்பட்ட காலத்தில் அதே ஊரின் குடிநீரும் கெட்டுப் போய்விட்டது.

மதியழகன்

இந்தச் செய்தி எனக்குப் புதிது. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது: குடிநீர் விஷயத்தில் இனம் எங்கே?

நூலகத்தான்

குழாயில் தேடினால் கிடைக்காது, தம்பி. குழாயைத் திருப்பியவர் யார் என்பதில் இருக்கிறது. 2014 ஏப்ரலில் நகரத்தின் நீர் ஆதாரத்தைப் பிளின்ட் ஆற்றுக்கு மாற்றியபோது, நகரை நடத்திக்கொண்டிருந்தவர் மாநில ஆளுநர் நியமித்த அவசரகால மேலாளர். வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மேயருக்கும் மன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. மிச்சிகனில் அப்படி மேலாளர்கள் அமர்த்தப்பட்ட ஊர்களைப் பாருங்கள்: டெட்ராய்ட், பிளின்ட், பென்டன் ஹார்பர், பான்டியாக். பெரும்பாலும் கறுப்பின மக்கள் மிகுந்த நகரங்கள். அங்கே வாழ்ந்த வெள்ளையர்களும் அதே நீரைத்தான் குடித்தார்கள், உண்மைதான். வாக்குரிமை செல்லாத ஊரில் அவர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காததால் ஈயம் கரைந்தது. அந்த நீர் இயந்திரப் பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2014 அக்டோபரில் வேறு நீருக்கு மாறிக்கொண்டது. அதற்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு நீர் மாற இன்னும் ஓராண்டு ஆயிற்று. நிறமும் நாற்றமும் மாறிய நீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் கூட்டம் கூட்டமாக வந்து காட்டியும் "நீர் பாதுகாப்பானது" என்ற பதிலே வந்தது. மிச்சிகன் குடிமை உரிமை ஆணையம் விசாரித்து 2017இல், அமைப்பிலேயே ஊறிய இனப்பாகுபாடு இதில் பங்காற்றியது என்று எழுதியது. அரசின் சொந்த ஆணையம் எழுதியது அது.

அடவி

சட்டமும் புள்ளிவிவரமும் தெரிந்தவர்களுக்கு நடுவே நான் வேறொன்றைச் சொல்ல வருகிறேன். நான் காடுகளை நேசித்து இந்தப் பக்கம் வந்தவள். பறவைகள், செக்குவாயா மரங்கள், தேசியப் பூங்காக்கள். என்னைப் போன்றவர்கள்தான் "இனம் வேண்டாம், இயற்கையை மட்டும் பேசுவோம்" என்று அதிகம் சொல்கிறவர்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நாம் "மனிதக் கை படாத இயற்கை" என்று போற்றும் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவானீச்சி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். 1851இல் மாரிப்போசா படை அவர்கள் ஊர்களை எரித்து விரட்டியது. அந்தப் புல்வெளிகள் அவ்வளவு அழகாகத் திறந்து கிடந்ததற்குக் காரணமே அவர்கள் தலைமுறை தலைமுறையாக அளவோடு தீ வைத்துப் பராமரித்ததுதான். பிறகு வந்தவர்கள் தோட்டக்காரரை விரட்டிவிட்டுத் தோட்டத்தைக் கடவுளின் கொடை என்றார்கள்.

வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் 1939இல் கறுப்பினத்தவருக்கென்று லூயிஸ் மலையில் தனி முகாம் ஒதுக்கினார்கள். இயற்கைக்குள்ளும் பிரிவினைப் பலகை தொங்கியது. ரெட்வுட் மரக் காடுகளைக் காக்கும் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேடிசன் கிரான்ட், வெள்ளை இன மேன்மையை 1916இல் நூலாக எழுதி உலகுக்கு நஞ்சூட்டியவர். 1892இல் ஜான் மியூர் முன்னின்று தொடங்கிய சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, தன் நிறுவனர் கறுப்பினத்தவரையும் பூர்வகுடிகளையும் இழிவாக எழுதியதை 2020 ஜூலையில்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

1990இல் தென்மேற்கு அமைப்பாக்கத் திட்டம் என்ற நியூ மெக்ஸிகோ அமைப்பு, நாட்டின் பத்துப் பெரிய சுற்றுச்சூழல் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. உங்கள் பணியிடங்களில் எங்கள் மக்கள் எங்கே, எங்கள் நிலத்தைப் பற்றி எங்களைக் கேட்காமல் ஏன் முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்டது. அந்தக் கேள்வியின் சூடு ஆறுவதற்குள் 1991 அக்டோபரில் வாஷிங்டனில் கறுப்பின, இலத்தீன் (இலத்தீன் அமெரிக்க வம்சாவளி), ஆசிய, பூர்வகுடித் தலைவர்கள் கூடி சுற்றுச்சூழல் நீதிக்கான 17 கொள்கைகளை வகுத்தார்கள். அவற்றில் முதலாவது பூமித்தாயின் புனிதத்தைப் பற்றியது! இயற்கையை விட்டுவிட்டு அரசியல் பேசினார்கள் என்று இவர்களைச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்.

இளமாறன்

அடவி, மியூர் 1914இல் இறந்துவிட்டார். அவர் இல்லாவிட்டால் அந்த மரங்களும் இருந்திருக்காது. ஒருவர் செய்த நன்மையையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

என் அடிப்படைக் கவலை இன்னும் தீரவில்லை. இன்றைய அவசரம் கார்பன். ஒரு டன் கரிவளி எந்தத் தெருவிலிருந்து எழுந்தாலும் வளிமண்டலத்துக்கு ஒன்றுதான். மொத்த அளவை வேகமாகக் குறைப்போம். யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைப் பிறகு பேசலாமே. ஒவ்வொரு சட்டத்திலும் எல்லா நீதியையும் ஏற்றினால் சட்டமே நகராது.

தணல்

ஐயா, நான் உமிழ்வுக் கணக்கீட்டுத் துறையில் வேலை செய்கிறவன். உங்கள் வாதத்தின் முதல் பாதி சரி. கரிவளி உலகம் முழுவதும் கலந்துவிடும். ஆனால் அதை வெளியிடும் புகைபோக்கி அதை மட்டுமா வெளியிடுகிறது? நுண்துகள், நைட்ரஜன் ஆக்சைடு, பென்சீன் எல்லாம் கூடவே வருகின்றன. அவை கலந்து கரைவதற்கு முன் பக்கத்துத் தெருவில் இருப்பவரின் நுரையீரலுக்குள் போய்விடுகின்றன.

கரிவளி வெளியிடும் உரிமத்தை ஆலைகள் வாங்கி விற்கும் கலிபோர்னியாவின் கார்பன் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்மன்ட், வில்மிங்டன் போன்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதிகளின் மக்கள் அதைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார்கள். காரணம் எளிது. ஆலை உரிமச்சீட்டை வாங்கிக்கொண்டால், வேறெங்கோ கார்பன் குறையும், கணக்கு சரியாகிவிடும், ஆனால் இவர்கள் தெருவில் புகை அப்படியே நிற்கும். அந்த நெருக்குதலால்தான் 2017இல் சந்தையை நீட்டித்தபோது, உள்ளூர்க் காற்றை அளந்து குறைக்கும் தனிச் சட்டத்தையும் சேர்த்து நிறைவேற்ற வேண்டியதாயிற்று. பங்கீட்டைப் பேசியதால் சட்டம் நின்றுபோகவில்லை, இரண்டும் ஒன்றாகத்தான் நிறைவேறின.

யார் நுகர்கிறார், யார் சுவாசிக்கிறார் என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வெள்ளையர்கள் தங்கள் நுகர்வு உண்டாக்கும் நுண்துகள் மாசைவிட 17 சதவீதம் குறைவாகச் சுவாசிக்கிறார்கள். கறுப்பினத்தவர் தங்கள் நுகர்வு உண்டாக்குவதைவிட 56 சதவீதம் அதிகமாகச் சுவாசிக்கிறார்கள். இலத்தீன் மக்கள் 63 சதவீதம் அதிகமாக. "பிறகு பேசலாம்" என்று சொல்லும்போது அந்தப் "பிறகு" வரைக்கும் யார் மூச்சில் கடன் வாங்குகிறோம் என்று தெரிந்தே சொல்ல வேண்டும்.

மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. தனிமனிதத் தாக்குதலாக வந்த இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். வேறு நாடுகளின் நிலைமையைத் தனி இழையில் பேசுங்கள்.

செவிலி

சாம்பலைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2008 டிசம்பரில் டென்னசியின் கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தில் கரை உடைந்து நிலக்கரிச் சாம்பல் சேறாக வெளியேறி ஆற்றையும் வீடுகளையும் மூடியது. அந்தக் கவுண்டியில் பெரும்பான்மை வெள்ளையர்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக விரைவாகத் துப்புரவு நடந்தது, நடக்கத்தான் வேண்டும். வழித்தெடுத்த ஏறத்தாழ நாற்பது லட்சம் டன் சாம்பல் எங்கே போனது? ரயிலேறி அலபாமாவின் யூனியன்டவுனுக்குப் போனது. கறுப்பின மக்கள் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் வாழும் சிற்றூர். அங்கே சாம்பலை எதிர்த்துப் பேசிய நான்கு பேர் மீது கிடங்கு நிறுவனம் மூன்று கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. அந்த வழக்கு 2017இல் சமரசத்தில் முடிந்தது. மக்கள் கொடுத்த குடிமை உரிமை மனுவை 2018இல் முகமை தள்ளுபடி செய்தது.

அதே அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டியில் மண் களிமண்ணாக இருப்பதால் சாதாரணக் கழிவுநீர்த் தொட்டி வேலை செய்யாது. ஏற்ற தொட்டி வாங்க மக்களிடம் பணமில்லை. கழிவுநீர் வீட்டு முற்றத்தில் தேங்குகிறது. 2017இல் அங்கே கொக்கிப்புழு நோய் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். உலகின் பணக்கார நாட்டில்! மாநிலம் உதவுவதற்குப் பதிலாக, தொட்டி இல்லாத குற்றத்துக்கு அந்த ஏழைகளைத் தண்டிப்பதாக மிரட்டிக்கொண்டிருந்தது. கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடி, 2023 மே மாதம் கூட்டாட்சி நீதித்துறையும் மாநிலமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வழக்குரை குறிப்பிட்ட அதே ஆறாம் பகுதியைச் சுற்றுச்சூழலுக்காக நீதித்துறை தானாக எடுத்துப் பயன்படுத்திய முதல் விசாரணை அது. 2025 ஏப்ரலில் உடன்பாட்டை நீதித்துறையே முடித்துக்கொண்டது.

நோயாளியின் குடலில் புழு இருக்கிறது, மருந்து கொடுக்கிறோம், அவர் வீட்டுக்குப் போகிறார், அதே முற்றத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். இளமாறன், இதில் எதை அறிவியல் என்று எடுத்து, எதை அரசியல் என்று விடுவது? எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

இளமாறன்

செவிலி அம்மா, லவுண்ட்ஸ் கவுண்டிக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. அந்த உடன்பாட்டை முடித்தது தவறு. இனம் என்ற அளவுகோலே கூடாது என்று இனி நான் வாதிட மாட்டேன். அது மட்டுமே அளவுகோலாக இருந்தால் அப்பலேச்சிய ஏழை விடுபடுவார் என்ற கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. நடைமுறையில் யாராவது இரண்டையும் சேர்த்துச் சட்டம் எழுதியிருக்கிறார்களா? கூட்டாட்சி ஆணையும் போய்விட்ட நிலையில் இனி எங்கே நின்று போராடுவது?

வழக்குரை

எழுதியிருக்கிறார்கள். அதுவும் கேம்டன் இருக்கும் அதே நியூ ஜெர்சியில்.

2020 செப்டம்பர் 18 அன்று கையெழுத்தான சட்டம். எரியுலை, பெரிய கழிவுநீர் நிலையம், குப்பைக் கிடங்கு போன்ற சில வகை ஆலைகள் "சுமையேறிய பகுதி"யில் வர விரும்பினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் மாசுகளையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். கூட்டுச் சுமை மற்ற பகுதிகளைவிட அதிகமாகிறது என்றால் புதிய ஆலைக்கு மாநிலம் அனுமதி மறுக்க வேண்டும். தவிர்க்க முடியாத பொதுத்தேவை அந்த மக்களுக்கே இருந்தால் மட்டும் விதிவிலக்கு. 2001இல் கேம்டன் மக்கள் வென்று, அதே ஆண்டில் இழந்த வாதம் இப்போது மாநிலச் சட்டமாக இருக்கிறது.

உங்கள் கவலைக்குப் பதில் அதன் வரையறையிலேயே இருக்கிறது. ஒரு பகுதி மூன்றில் ஏதேனும் ஒன்றில் வந்தால் போதும்: குறைந்த வருமானக் குடும்பங்கள் 35 சதவீதமாவது இருக்க வேண்டும், அல்லது சிறுபான்மை இனத்தவரோ மாநிலம் ஏற்ற பழங்குடியினரோ 40 சதவீதமாவது இருக்க வேண்டும், அல்லது ஆங்கிலம் சரளமாக வராத குடும்பங்கள் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். வெள்ளை ஏழைகள் மட்டுமே வாழும் பகுதியும் முதல் அளவிலேயே உள்ளே வந்துவிடும். நோக்கத்தை நிரூபிக்கும் சுமையும் இல்லை. 1994ஆம் ஆண்டு ஆணையைப் போல ஒரு கையெழுத்தால் இதை நீக்க முடியாது, சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது அளவு ஏன் என்று சிலர் கேட்கலாம். கலிபோர்னியாவின் கெட்டில்மன் சிட்டியில், ஏறத்தாழ எல்லாரும் இலத்தீன் மக்கள், பலருக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். அங்கே நச்சுக் கழிவு எரியுலைக்கான சுற்றுச்சூழல் அறிக்கை ஏறத்தாழ ஆயிரம் பக்கம், முழுவதும் ஆங்கிலம். வயல் வேலை செய்யும் மக்கள் வழக்குப் போட்டார்கள். அறிக்கையைப் படிக்கவே முடியாதவர்களிடம் கருத்துக் கேட்டதாகச் சொல்ல முடியாது என்று 1991 இறுதியில் மாநில நீதிமன்றம் அனுமதியை நிறுத்தியது. 1993இல் நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது. அவர்கள் நோக்கத்தை நிரூபிக்கவில்லை. சாதாரணச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இருந்த மக்கள் பங்கேற்பு விதியைப் பிடித்துக்கொண்டு வென்றார்கள்.

ஆகவே எங்கே நிற்பது என்று கேட்டால், மாநிலச் சட்டமன்றத்திலும் அனுமதி விசாரணை நடக்கும் கூடத்திலும். அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்த இழையில் இருந்தால், உங்கள் மாநிலச் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்று அனுமதி அறிவிப்புகளைப் பாருங்கள். கருத்துச் சொல்லும் காலம் பெரும்பாலும் முப்பது நாள்தான் இருக்கும். அதற்குள் எழுத்தில் பதிவாகாத எதிர்ப்பைப் பிறகு நீதிமன்றத்தில் எழுப்புவது மிகக் கடினம். விண்ணப்பத்தில் அக்கம்பக்கத்து ஆலைகளின் மாசும் கூட்டப்பட்டிருக்கிறதா, பள்ளிகளும் முதியோர் இல்லங்களும் எவ்வளவு தூரத்தில் என்று குறித்திருக்கிறதா என்பதை முதலில் தேடுங்கள். விசாரணையைப் பகலில் வேலை நேரத்தில் வைத்திருந்தால் மாலைக்கு மாற்றும்படி கேட்டு எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

அடவி

வழக்குரை, அப்படிப்பட்ட கருத்துக் கடிதத்துக்கு மாதிரி ஒன்றைத் தமிழில் விளக்கத்தோடு இங்கே பதிய முடியுமா? எங்கள் பறவை நோக்கர் குழுவில் எல்லாரும் கையெழுத்திட்டு அனுப்புவோம்.

வழக்குரை

முடியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் தனி இழையாகப் பதிகிறேன். தணல், உமிழ்வு அட்டவணையை எப்படிப் படிப்பது என்ற பகுதியை நீங்கள் எழுதித் தாருங்கள்.